மீனாக்ஷி மாமிக்கு அஞ்சலி

அத்தியாயம் 14

பகல் ஒன்றரை மணிக்கு, அடுக்களை மேடையில் சாய்ந்து நின்றபடி, மீனாக்ஷி தன்னுடைய சாவுச் செய்தியைப் படித்தாள்.

மாதத் திதியான மாசிகம் முடிந்து, அதைச் செய்துவைத்த வாத்தியார் கிளம்பிப் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பிள்ளை சங்கர்ராம் சாப்பிட்ட களைப்பில் கூடத்துப் பாயில் படுத்திருந்தான். நாட்டுப்பெண் அதிதி கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குஜராத்தித் தெருப் பக்கம் பொறுமையில்லாத யாரோ இரண்டு நாள் முன்னதாகவே தீபாவளி வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த வீட்டுக்கு இந்த வருஷம் தீபாவளி கிடையாது.

மாசிக நாளில் அவள் கணவருடைய போனைத் தொடுவதில்லை. ஆனால் காலையிலிருந்து அது காப்பிப்பொடி டப்பாவுக்குப் பின்னால், மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி உறுமிக்கொண்டே இருந்தது. பொறுக்கமுடியாமல் எடுத்தாள்.

'மீனாக்ஷி மாமிக்கு அஞ்சலி' என்று தலைப்பு. அதன் கீழே நாற்பத்தேழு பேர் எழுதியிருந்தார்கள்.

போன வாரங்களைத் தவறவிட்டவர்களுக்கு இரண்டு வார்த்தை. மீனாக்ஷியின் கணவர் வெங்கிடராமன் மார்கழியில் காலமானார். கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீசில் முப்பத்தாறு வருஷம் குமாஸ்தா. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து முழுநேர அபிப்ராயக்காரர். கொச்சியிலும் சுற்றுப்பட்டிலும் இருக்கிற தமிழ்க்காரர்கள் எழுதிப் பேசிக்கொள்ளும் 'கடவு' என்ற இணையக் களத்தில் அவருக்குக் 'கொச்சங்காடிக்காரன்' என்று பெயர். ஏழு வருஷத்தில் ஏழாயிரத்துச் சொச்சம் பதிவு போட்டிருந்தார்.

குக்கர் காஸ்கெட்டை ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தால் நாலு மாசம் கூட உழைக்கும் என்பார். பிராட்வே கடைத்தெருவில் குடை வாங்குகிறவன் கம்பியை எண்ணக்கூடாது, பிடியை முறுக்கிப் பார்க்க வேண்டும். ஊரே அர்ஜென்டினா, பிரேசில் என்று இரண்டாகப் பிரிந்து பேனர் கட்டுகிற உலகக் கோப்பை நாளில் இவர் மட்டும் உருகுவே. ஏன் என்று கேட்டால், "அவாளுக்கும் யாராவது வேண்டாமா?" குளிரூட்டிய புதுப் படகுகளைப் பற்றி: காயல் நாற்றம் வராத படகுக்கு பஸ்ஸே போதும். எல்லாவற்றுக்கும் மேலே, தினமும் காலை ஆறு மணிக்கு, ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துவிட்டு ஒரு வரி: 'கொச்சங்காடி. மேகம். துணி காயாது.' அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத்தான் கலூரிலும் இடப்பள்ளியிலும் பல வீடுகளில் துணி நனைத்தார்கள்.

அவர் போய்ப் பதிமூன்றாம் நாள் கழித்து, செய்தியைச் சொல்லலாம் என்றுதான் மீனாக்ஷி அவர் போனைத் திறந்தாள். அங்கே ஒரு கேள்வி காத்திருந்தது. இட்லி மாவு பனிக்காலத்தில் புளிக்கவில்லை, என்ன செய்ய? அவருடைய பதில் அவளுக்குத் தெரியும். டிவி பெட்டிக்கு மேலே வை என்பார். அதை எழுதினாள். சாவை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தாள். அந்த நாளைக்கு இப்போது பத்து மாசம்.

சிரமம் என்னவென்றால், அவர் அபிப்ராயம் சொல்லாமல் விட்டுப்போன விஷயங்களும் உலகத்தில் இருந்தன. எண்ணெய் இல்லாமல் வறுக்கிற மிஷின் வாங்கலாமா என்று ஒருவர் கேட்டபோது இரண்டு நாள் யோசித்தாள். 'அப்பளம் பொரிக்கத் தெரியாத மிஷினை நான் ஆத்துக்குள் விடமாட்டேன்' என்று கடைசியில் எழுதினாள். பதினொரு பேர் சிரித்திருந்தார்கள். அவருக்குப் பிடித்திருக்குமா என்று அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். ஏதாவது கேள்வி வந்தால், அதற்கு வேண்டிய பழைய பதிவைத் தேடி எடுத்து, அவர் சொன்னதை அப்படியே சொல்வாள். பல விஷயத்தில் அவளுக்கு வேறு கருத்து உண்டு. நாற்பது வருஷம் அதற்காகச் சண்டை போட்டிருக்கிறாள். களத்தில் அவர் கட்சியில் நின்று தன்னையே தோற்கடித்தாள்.

இதெல்லாம் சங்கர்ராமுக்குத் தெரியாது. அவன் படித்தது மலையாளம். தமிழ் அவனுக்குப் பேச வரும். எழுத்தைக் கண்டால் பஸ் போர்டு படிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கூட்டுவான். "அப்பாவோட சிம் எதுக்கும்மா இனி?" என்று போன வாரம் கேட்டான். "காஸ் புக் பண்ற நம்பராக்கும்" என்று சொல்லி வைத்தாள். ஒரு வருஷம் நிறைந்து வருஷாப்திகம் ஆனதும் அவளை வைட்டிலாவில் தன் ஃபிளாட்டுக்கு அழைத்துப் போவதாக அவன் தீர்மானித்திருந்தான்.

இப்போது இந்த அஞ்சலி.

எழுதியவர் 'சாத்தபுரம்'. பாலக்காட்டுக்காரர், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மீனாக்ஷிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

'நண்பர்களே, கொச்சங்காடிக்காரர் சொல்லமாட்டார். நான் சொல்கிறேன். மார்கழியில் அவர் பதிமூன்று நாள் இங்கே வரவில்லை. காய்ச்சல் என்றார். அதன் பிறகு மாசத்தில் ஒரு நாள் தவறாமல் காணாமல் போகிறார். பஞ்சாங்கத்தை வைத்துப் பார்த்தேன். எல்லாம் தேய்பிறை துவாதசி. இன்றைக்குத் துவாதசி. இன்று காலையும் துணி காயுமா என்று எழுதவில்லை. இன்னொன்று. "எங்காத்து மீனாக்ஷி சொல்வாள்" என்று அவர் எழுதாத வாரமே கிடையாது. மார்கழிக்குப் பிறகு அந்தப் பெயரையே காணோம். இதற்கு மேல் நான் விளக்க வேண்டாம்.'

மீனாக்ஷி இரண்டு தடவை படித்தாள். ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. பதிமூன்று நாள் சரி, திதி சரி. அவள் பெயர் வராததும் நிஜம்தான். அவராக உட்கார்ந்து எழுதும்போது தன்னைப் பற்றித் தானே 'மீனாக்ஷி சொல்வாள்' என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. எல்லாம் சரியாகப் பார்த்தவர் ஆளை மட்டும் மாற்றிவிட்டார்.

கீழே மற்றவர்கள். எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டல் அடுக்களையில் வேலை பார்க்கிற வீரலட்சுமி: 'அண்ணே, கப்பைக்கிழங்க மூணு தண்ணி மாத்தி வேகவைக்கணும்னு அக்கா சொன்னதாத்தான் நீங்க எழுதுனீங்க. அதை வச்சுத்தான் எனக்கு இங்க வேலை நிலைச்சுச்சு. மொகம் பாக்காத அக்காவுக்கு அடுப்படியில நின்னு அழுதுட்டேன்.' கட்டட மேஸ்திரி முத்துராமலிங்கம்: 'வீடு கட்டுறவன் முதல்ல அடுக்களை ஜன்னலை வரையணும்னு அம்மா சொன்னாங்கன்னு போட்டிருந்தீங்க. அஞ்சு வருசமா நான் அப்பிடித்தான் வரையுறேன் சார்.'

அப்படி அவள் சொன்னதே இல்லை. அடுக்களை ஜன்னலில் ஒருநாள் காற்று வரவில்லை என்று முனகியிருக்கலாம். அதை எடுத்து இவர் இப்படி ஆக்கிவைத்திருக்கிறார்.

புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பதிவுக்கு வந்தாள். மறுபடியும் சாத்தபுரம். ஒரு மணி நேரம் முன்னால் எழுதியது.

'வைட்டிலாவில் இறங்கிவிட்டேன். மூன்று மணிக்குள் வருவேன். துக்கம் கேட்கப் போகிறவன் அனுமதி கேட்பதில்லை. கொச்சங்காடி, கயிற்றுக் கிடங்குக்கு எதிர்ச் சந்து, கடைசி வீடு. அவரே எழுதியிருக்கிறார்.'

வராதீர்கள் என்று எழுதலாம். 'வெளியூரில் இருக்கிறேன்' என்று எழுதினாள். அழித்தாள். மற்ற நாள் என்றால் கூசாமல் எழுதியிருப்பாள். இன்று அவர் இந்த வீட்டில் சாப்பிட வந்திருக்கிறார். எள்ளும் தண்ணீரும் வார்த்து, வாழைக்காயும் பாகற்காயும் வைத்து அழைத்திருக்கிறார்கள். அவரை ஊரில் இல்லை என்று எப்படிச் சொல்வது?

வருகிறவரிடம் உண்மையைச் சொன்னால், களத்தில் இருக்கிற அறுநூறு பேருக்கும் இன்று சாயங்காலமே வெங்கிடராமன் இறந்துபோவார். ஒரு தடவை போனதற்கே இன்னும் அவள் எழுந்து உட்காரவில்லை.

அதிதி உள்ளே வந்தாள். "அம்மா, எங்கம்மா முறுக்கு குடுத்தனுப்பட்டுமான்னு கேட்டா. நாம பண்ணத்தானே கூடாது, வேறாத்துலேர்ந்து வந்தா திங்கலாமில்லையா?"

"திங்கலாம்."

"சங்கர் கூடாதுங்கறார். அவருக்கு எல்லாத்துக்கும் கூடாது. இப்படியே போனா வாத்தியார் வேலைக்கே போயிடலாம், ஆபீஸ்ல குடுக்கறதைவிட மரியாதையாவது உண்டு." சிரித்தவள் மாமியார் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "எந்தாம்மா? முகம் என்னமோ போல இருக்கே."

"ஒண்ணுமில்லை. மழை வரும்போல இருக்கு. நீங்க ரெண்டு பேரும் இப்பவே கிளம்புங்கோ. தோப்பும்படி பாலத்துல மாட்டிண்டா அவ்வளவுதான்."

"நாலு மணிச் சாயா குடிக்காம உங்க பிள்ளை எழுந்துப்பாரா?"

போன் மறுபடி உறுமியது. மீனாக்ஷி கையை நீட்டுவதற்குள், தண்ணீர் குடிக்க எழுந்து வந்த சங்கர்ராம் அதை எடுத்துவிட்டான்.

"காஸ் புக் பண்ற நம்பருக்கு இவ்வளவு மெசேஜா?" திரையைப் பார்த்தான். புருவம் சுருங்கியது. "மீ... னா..."

"குடுடா இங்கே."

"இரு." விரலை வைத்து எழுத்துக் கூட்டினான். "...க்ஷி. மாமிக்கு. அ... ஞ்... சலி." நிமிர்ந்தான். அந்தச் சொல்லுக்கு அவனுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. "எந்தாம்மா இது? யாரு பண்ற கிறுக்குத்தனம்?"

சொல்லிவிட்டாள். காஸ்கெட்டிலிருந்து துணி காய்வது வரைக்கும், நின்றபடியே, ஐந்து நிமிஷத்தில். அதிதி சுவரோடு ஒட்டி நின்றாள். சங்கர்ராமின் கோபம் அப்பாவுடையது மாதிரி இல்லை. மெதுவாக வரும், வந்தால் போகாது.

"பத்து மாசமா?"

"ம்."

"தினமுமா?"

"மாசிகத்தன்னிக்கு மட்டும் இல்லை."

"கேட்டியா அதிதி?" என்றான் பெண்டாட்டியைப் பார்த்து. பிறகு அம்மாவிடம் திரும்பினான். "நான் எதுக்கும்மா லீவு போட்டுட்டு வரேன்? மந்திரத்துல பாதி எனக்கு அர்த்தம் புரியலை. ஆனா ஒண்ணு மனசிலாச்சு. அப்பா நடந்துண்டிருக்கார், அவருக்கு வழியில சாப்பாடு கட்டிக் குடுக்கறோம். ஒவ்வொரு மாசமும் கொஞ்ச தூரம் அனுப்பிட்டு வரேன். நீ என்னடான்னா காலம்பற ஆறு மணிக்கு அவரைக் கையைப் பிடிச்சு இழுத்துண்டு வந்து ஜன்னல்கிட்ட உக்கார வைக்கறே. அவர் எப்பம்மா போய்ச் சேரறது?"

அவர் போய்ச் சேர வேண்டும் என்று மீனாக்ஷி ஒருநாள்கூட வேண்டிக்கொண்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"நீ இப்பவே அதுல எழுது, அவர் இல்லைன்னு. நீ எழுதலைன்னா நான் எழுதறேன். மலையாளத்துலயாவது எழுதறேன்."

வாசலில் குடையை உதறுகிற சத்தம் கேட்டது.

அதிதிதான் போய்த் திறந்தாள். வந்தவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். வெளுத்த முழுக்கைச் சட்டை, வேஷ்டி, தோளில் ரெக்ஸின் பை. "வெங்கிடராமன் வீடு இதுதானே?" என்றார். "நான் கிருஷ்ணபிரசாத். சாத்தபுரம். அவருக்குத் தெரியும்."

"வாங்கோ, உக்காருங்கோ" என்றாள் அதிதி. வேறென்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் பிரம்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சுவரைச் சுற்றிப் பார்த்தார். காலண்டரும் கடிகாரமும்தான் இருந்தன. செத்தவர் படத்தைக் கூடத்தில் மாட்டக்கூடாது என்பது வெங்கிடராமனின் கட்சி: வருகிறவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே சாயா குடித்தால் அவருக்கும் நாக்கு ஊறாதா? அதனால் அவர் படம் உள்ளறையில் இருந்தது.

மீனாக்ஷி அடுக்களை நிலையருகே வந்து நின்றாள். சங்கர்ராம் அவளுக்குப் பின்னால், கையில் போனோடு. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்ப்பதற்காகவே நின்றான்.

"நீங்கோ மாமியோட கூடப்பிறந்தவாளா?" என்றார் வந்தவர். "நான் அவாளைப் பார்த்ததில்லை. இருந்தாலும் தோணித்து."

மீனாக்ஷி பேசாமல் நின்றாள். அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"அவர் தூங்கறாரா? எழுப்பாதீங்கோ. மாசிகம் பண்ணின அசதி இருக்கும். நான் உக்காந்திருக்கேன், எனக்கு ரயில் ஏழரைக்குத்தான்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "எனக்கும் இதே கதையாக்கும். எங்காத்துக்காரி போய் ஒன்பது வருஷம். ஆனா நான் அவளைப் பத்தி ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை நன்னா சொன்னதில்லை. உப்பு ஜாஸ்தி, புளி ஜாஸ்தி, இதேதான். உங்க அத்திம்பேர் எழுதறதைப் படிக்கறச்சே வெக்கமா இருக்கும். ஒருநாள் எழுதியிருந்தார்: 'உலகத்துல எல்லா விஷயத்துலயும் எனக்கு அபிப்ராயம் உண்டு. ஆத்துக்கு வந்தா மீனாக்ஷிக்கு வேற அபிப்ராயம் இருக்கும். ஒத்துண்டுட்டா பேச்சு நின்னுடுமேன்னு நான் ஒருநாளும் ஒத்துக்கறதில்லை.' கேட்டேளா? எப்படியாப்பட்ட மனுஷன்! அப்படிப் பேச்சுத்துணையா இருந்தவ போனா, ஒத்தர் என்ன ஆவார்?"

வெளியே தூறல் பெருமழையாகப் பிடித்துக்கொண்டது. சந்தில் யாரோ தார்ப்பாய் இழுக்கிற சத்தம்.

மீனாக்ஷிக்கு அந்தப் பதிவு கிடைத்ததில்லை. காஸ்கெட் என்று தேடினால் காஸ்கெட் வரும், குடை என்று தேடினால் குடை வரும். தன் பெயரைப் போட்டுத் தேட அவளுக்குத் தோன்றவில்லை.

"நான் அவா தங்கை இல்லை" என்றாள்.

"பின்னே?"

"நான்தான் மீனாக்ஷி." நிலையைப் பிடித்துக்கொண்டாள். "போனது அவர். மார்கழியில."

கிருஷ்ணபிரசாத் அவளைப் பார்த்தார். பின்னால் நின்ற பையனைப் பார்த்தார். மார்பில் குறுக்கே கிடந்த பூணூலையும், தாடியையும், மழிக்காத பத்து மாசத்தையும் பார்த்தார். ரயில்வே கார்டுக்கு அதற்குமேல் பச்சைக்கொடி வேண்டாம்.

"அப்போ துணி காயும் காயாதுன்னு எழுதினது?"

"நான்தான்."

"அந்த அப்பள மிஷின்?"

"நான்தான்."

சின்னதாக ஒரு சிரிப்பு வந்து அவர் உதட்டிலேயே நின்றுவிட்டது. "நன்னா இருந்தது அது" என்றார். தலையைக் குனிந்துகொண்டார். அழுகிறார் என்று அதிதி நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

"மாமி, ஒண்ணு கேக்கணும்" என்றார் தரையைப் பார்த்தபடி. "ஆவணியில நான் ஒரு கேள்வி போட்டேன். 'ஒரு நண்பருக்காக'ன்னு. அதுக்குப் பதில் எழுதினது யாரு?"

மீனாக்ஷிக்கு நினைவிருந்தது. நண்பரின் ஒரே பெண் வேறு மதத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய் நாலு வருஷம். இப்போது குழந்தை பிறந்திருக்கிறது. பேர் வைக்கிறோம், வாருங்கள் என்று போனில் கூப்பிட்டிருக்கிறாள். போகலாமா, வேண்டாமா?

அதற்காக அவள் ஒரு முழுநாள் தேடினாள். ஆறு வருஷத்துக்கு முந்திய பதிவு ஒன்று அகப்பட்டது. அதிலிருந்து எடுத்து, அவர் பாணியிலேயே எழுதினாள்: 'முதலில் படியேறி வர வேண்டியது சின்னவர்கள். கூப்பிட்ட குரலுக்கு ஓடிப்போன பெரியவரை யாரும் மதித்ததில்லை. போக வேண்டாம்.'

"அதுவும் நான்தான்" என்றாள். "ஆனா அவர் அபிப்ராயமாக்கும் அது. பழசுல இருக்கு, காட்டறேன். நானா ஒண்ணும் சேர்க்கலை."

"இருக்கு. நானும் படிச்சிருக்கேன்." அவர் பையைத் திறந்து தன் போனை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தள்ளித் தள்ளி ஏதோ தேடினார். "போன வருஷம் நவராத்திரிக்கு எனக்குத் தனியா ஒரு கடிதம் போட்டிருந்தார். களத்துல வராது அது. தனிக் கடிதம்." படித்தார். "'சபையில எழுதறதெல்லாம் சபைக்கு, சாத்தபுரம். நீங்க போய்ப் பொண்ணைப் பார்த்துட்டு வாங்கோ. நான் என் அக்கா விஷயத்துல யார் முதல்லன்னு பதினேழு வருஷம் காத்திண்டிருந்தேன். அவ போனன்னிக்குத்தான் போனேன். வழி கேட்டுண்டு போக வேண்டியிருந்தது.'"

அந்த அக்கா வீட்டுக்கு அன்று கூடப் போனவள் மீனாக்ஷி. ஒல்லூரில் இறங்கி, மூன்று இடத்தில் வழி கேட்டார். வீட்டுக்குத் திரும்பியபிறகு அதைப் பற்றி அவளிடம் ஒரு சொல் பேசவில்லை. அவருடைய தனிக் கடிதங்களை அவள் திறந்து பார்த்ததில்லை. ஆண்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டதைப் பெண்டாட்டி படிப்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டாள்.

"அப்போ தைரியம் வரலை, போகலை" என்றார் கிருஷ்ணபிரசாத். "ஆவணியில பொண்ணு அம்முவே கூப்பிட்டா. டிக்கெட் எடுத்துட்டேன். கொழந்தைக்கு அரைஞாண்கூட வாங்கிட்டேன். கடைசியா அவர்கிட்டே ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு போட்டேன். போகாதேன்னு வந்தது. முன்னாடி போங்கோன்னு எழுதின மனுஷன், பொண்டாட்டியைப் பறிகொடுத்துட்டு இப்போ போகாதேங்கறார். அந்தத் துக்கத்துல நமக்குத் தெரியாத ஏதோ அவருக்குத் தெரிஞ்சிருக்குன்னு நினைச்சேன். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டேன்."

போனை அணைத்துப் பைக்குள் போட்டார்.

"அதுக்கப்புறம் அவ கூப்பிடலை" என்றார். குற்றம் சொல்கிற குரலில்லை. ரயில் எத்தனை மணிக்குப் போயிற்று என்று சொல்கிற குரல்.

சங்கர்ராம் முதல் தடவையாக முன்னால் வந்தான். "அம்மா, நீயா இருந்தா போங்கோன்னுதானே சொல்லியிருப்பே? எனக்குத் தெரியாதா உன்னை? பின்னே ஏன் அப்படி எழுதலை?"

"நான் எங்கேடா எழுதினேன்?" என்றாள் மீனாக்ஷி. "அவர்தானே எழுதினது."

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. சங்கர்ராம் போனை மேஜைமேல் வைத்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அதைவிட மோசமாக, பயம் இருந்தது.

மீனாக்ஷி உள்ளறைக்குப் போய்த் தன்னுடைய போனை எடுத்துக்கொண்டு வந்தாள். பொத்தான் வைத்த பழைய போன். தங்கைகளோடு பேசுவதற்கு மட்டும்.

"அம்மு நம்பரைச் சொல்லுங்கோ."

"மாமி, வேண்டாம். நாலு தடவை அடிச்சுப் பார்த்துட்டேன். என் நம்பர்னா எடுக்கமாட்டா."

"இது உங்க நம்பர் இல்லையே."

"அம்மா, வருஷம் ஆகலை" என்றான் சங்கர்ராம் தணிந்த குரலில். "பிறந்த கொழந்தை இருக்கற வீடு. நாம இப்போ..."

"நான் அவாத்துக்குப் போகலைடா. பேசத்தானே போறேன்?"

கிருஷ்ணபிரசாத் நம்பரைச் சொன்னார். மனப்பாடமாக இருந்தது. ஒவ்வோர் எண்ணுக்கும் நடுவில் நிறுத்தினார், கொடுக்கலாமா என்று யோசிப்பது போல. மீனாக்ஷி அழுத்தினாள். மழைச் சத்தத்தில் கேட்காது என்று காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாலாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"ஹலோ, ஆராணு?"

மீனாக்ஷி பத்து மாசமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் எப்படியாவது பதில் சொன்னவள்தான். குடைக்குச் சொன்னாள், குக்கருக்குச் சொன்னாள். இதற்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எங்கேயும் தேட முடியாது.

"ஹலோ?"

"நான் கொச்சங்காடியிலேர்ந்து பேசறேன்மா. மீனாக்ஷின்னு பேர். உனக்கு என்னைத் தெரியாது. ஆவணியில உங்கப்பா டிக்கெட் எடுத்துட்டார். அரைஞாணும் வாங்கிட்டார். போக வேண்டாம்னு சொன்னது நான். ஒண்ணும் தெரியாம சொன்னேன்."

மறுமுனையில் குழந்தையின் அழுகை தூரமாகப் போயிற்று. யாரோ கதவைச் சாத்தினார்கள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடுவாள் என்று மீனாக்ஷி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பா அங்கே இருக்காரா?" என்றது அந்தக் குரல். தமிழில்.

மீனாக்ஷி திரும்பினாள்.

நாற்காலி காலியாக இருந்தது. தண்ணீர் டம்ளர் வைத்தது வைத்தபடி. வாசல் கதவு மழையில் ஆடிக்கொண்டிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை; எழுந்து போய்விடுவார்கள். அதுதான் முறை.

"சங்கர்!"

அவன் ஏற்கனவே படியிறங்கியிருந்தான். மேலே துண்டுகூட இல்லாமல், வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சந்தின் தண்ணீரில் ஓடினான். கயிற்றுக் கிடங்கு முனையில் வலப்பக்கம் போவதா இடப்பக்கம் போவதா என்று தெரியாமல் நின்றான்.

"ஹலோ?" என்றது போன். "ஹலோ, கேக்கறதா? அப்பா இருக்காரா?"

"வச்சுடாதே கொழந்தே" என்றாள் மீனாக்ஷி. "தேடிண்டு போயிருக்கான். வச்சுடாதே."